மூன்றாவது முறையாக அதே கம்ப்ளெய்ண்ட்: எயிட் டி ரிப்போர்ட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: கோவை குறிச்சி சிட்கோவில் இரண்டு சிஎன்சி லேத் வைத்து ஜாப் ஒர்க் செய்கிறோம். ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு வார்ப்பிரும்பு ஹவுசிங்கில் போரிங் செய்து, அதாவது பேரிங் உட்காரும் துளையைக் கடைந்து தருகிறோம். போர் (துளை விட்டம்) 52 மி.மீ., எச்7 டாலரன்ஸ் (அனுமதிக்கப்பட்ட அளவு வித்தியாசம்). போன லாட்டில் 500க்கு 14 ஜாப்பில் போர் பெரிதாகி, பேரிங் லூசாக இருக்கிறது என்று கம்ப்ளெய்ண்ட். இது மூன்றாவது முறை. 'ஆபரேட்டர் கவனக்குறைவு, எச்சரித்துவிட்டோம், இனி 100 சதவீதம் சோதிப்போம்' என்று எயிட் டி ரிப்போர்ட் (பிரச்சினையை எட்டுப் படிகளில் தீர்த்துக் காட்டும் அறிக்கை) அனுப்பினோம், ஏற்கவில்லை. போன தடவையும் எல்லா ஜாப்பையும் அளக்கத்தான் ஆரம்பித்தோம், பத்து நாளில் பழையபடி 20க்கு ஒன்று என்றாகிவிட்டது. நாங்கள் வேறு என்ன செய்ய வேண்டும்?

பதில்: 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்ற வரியைப் பார்த்ததும் அந்தக் கம்பெனியின் தரப் பொறியாளர் மேற்கொண்டு படித்திருக்கமாட்டார். அந்த ஆபரேட்டர் நாளைக்கு லீவு போட்டால் அவர் இடத்தில் நிற்பவரும் அதே தப்பைச் செய்வார். மெஷினிலும் வேலை முறையிலும் எதுவுமே மாறவில்லையே.

முதலில் இன்றைக்கே செய்ய வேண்டியது. உங்கள் ஷெட்டில் இருப்பது, வண்டியில் போய்க்கொண்டிருப்பது, அவர்கள் ஸ்டோரில் இருப்பது, மூன்றையும் எண்ணிக்கையோடு எழுதுங்கள். ஆள் அனுப்பி அவர்கள் ஸ்டோரிலேயே பிரித்துக் கொடுங்கள். அளந்து சரியாக இருக்கும் ஜாப் மேல் பச்சைப் பெயிண்டால் ஒரு புள்ளி. பெரும்பாலான கம்பெனிகள் இந்தத் தடுப்பு விவரத்தை 24 மணி நேரத்தில் கேட்கும். அதை மட்டும் முதலில் அனுப்புங்கள். மூல காரணத்துக்கு அவகாசம் கேட்டால் தருவார்கள். அவசரத்தில் எல்லாக் கட்டத்தையும் ஒரே ராத்திரியில் நிரப்புவதுதான் நம் பக்கத்துச் சின்ன யூனிட்களின் பெரிய பலவீனம். டெஸ்பாட்ச் முடிந்தபிறகு முதலாளி தனியாக உட்கார்ந்து பழைய ரிப்போர்ட்டைக் காப்பி எடுத்துத் தேதியை மாற்றுகிறார்.

ஃபோர்டு கம்பெனி 1987ல் கையேடாக வெளியிட்ட இந்த எயிட் டி முறையில் முதல் படியே குழு அமைப்பதுதான். உங்களுக்கு ஐந்து பேர் போதும்: நீங்கள், சூப்பர்வைசர், இரண்டு ஷிஃப்ட் ஆபரேட்டர்கள், அளவு பார்ப்பவர். இரவு ஷிஃப்ட் ஆபரேட்டர் ஒடிசாக்காரர், தமிழ் தடுமாறுவார் என்றால் மொழி தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அவரைத் திட்டமாட்டோம், சம்பளத்தில் பிடிக்கமாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போர் எப்போது பெரிதாகிறது என்று மெஷின் முன்னால் நிற்பவருக்குப் பல சமயம் ஏற்கனவே தெரியும். பயத்தில் சொல்லமாட்டார்.

அடுத்து, பிரச்சினையை எண்ணால் எழுதுங்கள். 'போர் பெரிசு' என்று எழுதினால் போதாது. எச்7 என்றால் 52.000 முதல் 52.030 வரை. திரும்பி வந்த 14 ஜாப்பும் எவ்வளவு? எல்லாம் 52.050 பக்கம் கூட்டமாக நிற்கிறதா, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவா? எந்த மெஷின், எந்த ஷிஃப்ட், எந்த ட்ரே? அதே அளவுக்கு முக்கியம், எங்கே வரவில்லை என்பது. இரண்டு மெஷினும் ஒரே ஜாப் ஓட்டி, ஒன்றில் மட்டும் தப்பு வந்திருந்தால் வார்ப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. மெஷின் எண்ணும் ஷிஃப்டும் ஜாப்பில் குறிக்கும் பழக்கம் இல்லையென்றால் இன்றிலிருந்து குறியுங்கள்.

நீங்கள் தந்த விவரத்தை வைத்து எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. 20க்கு ஒன்று அளக்கிறீர்கள், தப்பிப் போனது 14. இரண்டு சோதனைக்கு நடுவே ஏதோ மாறி, அடுத்த சோதனையில் திருத்தப்பட்டிருக்கலாம். போரிங்கில் அப்படி மாறக்கூடியது இன்சர்ட், அதாவது டூலின் நுனியில் மாட்டும் வெட்டுத் துண்டு. இன்சர்ட் தேயத் தேய போர் சின்னதாகும். ஆபரேட்டர் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), இன்னொரு 10 மைக்ரான் என்று ஆஃப்செட் (மெஷினில் டூலுக்குக் கொடுக்கும் அளவுத் திருத்தம்) கூட்டிக்கொண்டே போவார். 40 மைக்ரான் கூட்டியிருக்கும் நிலையில் இன்சர்ட்டைத் திருப்பிப் புது முனை போட்டுவிட்டு, கூட்டியதைக் குறைக்க மறந்தால்? 52.015ல் நிற்க வேண்டிய போர் 52.055க்குப் போய்விடும். அடுத்து அளக்கும்போது திருத்திவிடுவார். அதற்கு முன் ஓடியவை ட்ரேயில் நல்ல ஜாப்போடு கலந்திருக்கும்.

இது சந்தேகம்தான், அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள். ஒதுக்கிவைத்த வார்ப்பில் நீங்களே அந்தத் தப்பை வரவழைத்துப் பாருங்கள். பழைய ஆஃப்செட்டோடு புது முனை போட்டு ஐந்து ஜாப் ஓட்டி, டயல் போர் கேஜில் அளந்து எழுதுங்கள். அப்புறம் ஆஃப்செட்டைச் சரிசெய்து ஐந்து ஓட்டுங்கள். தப்பை வரவழைக்கவும் நிறுத்தவும் முடிந்தால்தான் அது காரணம். அந்தப் பத்து அளவையும் ரிப்போர்ட்டோடு இணையுங்கள். எச்சரிக்கைக் கடிதத்தை விட அந்த ஒரு தாளுக்கு மதிப்பு அதிகம். அளவு ஒத்துவரவில்லையென்றால் சந்தேகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஜாப் பிடிப்பு, டூல் ஹோல்டர் என்று அடுத்ததைப் பாருங்கள்.

ஏன் வந்தது என்பது ஒரு கேள்வி, ஏன் வெளியே போனது என்பது இன்னொரு கேள்வி. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். என் சந்தேகம் சரியாக இருந்தால் உங்கள் பதில்: சோதனை ஜாப் எண்ணிக்கையைப் பின்பற்றுகிறது, இன்சர்ட் மாற்றத்தைப் பின்பற்றவில்லை. இரண்டுக்கும் தனித்தனியாக ஏன், ஏன் என்று கேட்டு இறங்குங்கள். எண்ணி ஐந்து 'ஏன்' வர வேண்டும் என்ற கட்டாயமில்லை. நீங்கள் கை வைத்து மாற்றக்கூடிய ஒரு விஷயத்தில் வந்து நிற்க வேண்டும்.

நிரந்தரத் தீர்வு ஆளின் ஞாபகத்தை நம்பி இருக்கக்கூடாது. மெஷின் கவுன்ட்டரில் இன்சர்ட் ஆயுளைப் போட்டு, அந்த எண்ணிக்கை வந்ததும் மெஷின் தானாக நிற்கும்படி செய்யுங்கள். புது முனை போட்டதும் கூட்டிய ஆஃப்செட்டை எடுத்துவிட்டு, வேண்டுமென்றே 50 மைக்ரான் குறைவாக வைத்து முதல் ஜாப்பை ஓட்டச் சொல்லுங்கள். போர் சின்னதாக வந்தால் அளந்து இன்னொரு கட் எடுத்துக்கொள்ளலாம், பெரிதாகிவிட்டால் ஸ்கிராப்தான். ஒவ்வொரு இன்சர்ட் மாற்றத்துக்குப் பிறகும் முதல் மூன்று ஜாப் தனிச் சிவப்பு ட்ரேக்குப் போகட்டும், அளந்து கையெழுத்து போட்டபிறகே மற்றதோடு சேரட்டும்.

பச்சைப் புள்ளிச் சோதனையை எப்போது நிறுத்துவது? பத்து நாளில் சலித்து நிறுத்தியதுதான் போன தடவை நடந்தது. இந்தத் தடவை நாளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்; புது முறையில் இரண்டு ஷிஃப்டிலும் பல இன்சர்ட் மாற்றங்கள் நடந்து, ஒரு ஜாப்கூட வெளி அளவில் வரவில்லை என்று பதிவு காட்டிய பிறகு, கஸ்டமரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

ஏழாவது படிக்கு, இதே மாதிரி போரிங் உள்ள மற்ற ஜாப்களுக்கும் இந்த மாற்றத்தைக் கொண்டுபோய், கன்ட்ரோல் பிளானில் (எதை, எப்போது, எப்படிச் சோதிப்பது என்று எழுதி வைக்கும் தாள்) ஏற்றுங்கள். எட்டாவது, குழுவைப் பாராட்டுவது. அதை வெற்றுக் கட்டமாக விடாதீர்கள். உண்மையைச் சொன்ன இரவு ஷிஃப்ட் ஆபரேட்டரை எல்லோர் முன்னிலையிலும் பெயர் சொல்லிப் பாராட்டினால், அடுத்த தடவை ஜாப் கெடும்போது கம்ப்ளெய்ண்ட் வருவதற்கு முன்பே அவர் உங்களிடம் வந்து சொல்வார்.