கிட்டார் பதிவு: தொடக்க நிலையினருக்குக் கேள்வி பதில்

வீட்டிலேயே கிட்டார் வாசித்துக் கணினியில் பதிவு செய்யத் தொடங்கியிருப்பவர்கள் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்.

எலெக்ட்ரிக் கிட்டாரை லேப்டாப்பின் மைக் துளையில் செருகினேன். ஒலி மங்கலாக, உயிரில்லாமல் வருகிறது. கிட்டாரில் கோளாறா?

கிட்டாரில் கோளாறில்லை. கம்பியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் பிக்கப்பிலிருந்து வருவது மிக மெலிது. அதை வாங்கிக்கொள்ளும் இடத்தில் ஏறக்குறைய 10 லட்சம் ஓம் மின்மறுப்பு, அதாவது மின்னோட்டத்துக்கான தடை, வேண்டும். லேப்டாப்பின் மைக் துளையில் அது மிகக் குறைவு என்பதால் மேல்சுரங்களின் பளிச்சென்ற தன்மை அங்கேயே அடங்கிவிடுகிறது. கிட்டாரையும் மைக்கையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று வாங்குங்கள், இரண்டு உள்ளீடு இருந்தால் போதும். அதில் ‘இன்ஸ்ட்’ அல்லது ‘ஹை இசட்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். கிட்டாரை நேரடியாகச் செருகும்போது அதை அழுத்த மறக்காதீர்கள்.

பதிவு செய்ய எந்த மென்பொருள் நல்லது?

மேக் வைத்திருந்தால் காரேஜ்பேண்ட், இலவசம். விண்டோஸ் என்றால் ரீப்பர். 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம். ஒன்றை எடுத்து ஆறு மாதம் அதிலேயே இருங்கள்.

அண்ணா, பிளஸ் ஒன் படிக்கிறேன். கம்பியை மீட்டிச் சற்று நேரம் கழித்துத்தான் ஹெட்ஃபோனில் ஒலி கேட்கிறது. தாளமே பிடிபடவில்லை.

தம்பி, உன் தாளத்தில் குறையில்லை. கணினி ஒலியைச் சிறு மூட்டைகளாகக் கட்டித்தான் அனுப்புகிறது. அந்த மூட்டையின் அளவுதான் பஃபர். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரிகள் எடுக்கும்போது பஃபர் 1024 மாதிரி என்றிருந்தால் ஒரு மூட்டை நிறைய ஏறக்குறைய 21 மில்லிநொடி ஆகும். உள்ளே வருவதற்கு ஒரு முறை, வெளியே போவதற்கு ஒரு முறை. விரலும் காதும் பிரிந்துபோக இது போதும். 128 என்று மாற்றினால் அந்த 21 மூன்றுக்கும் கீழே இறங்கிவிடும். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும் ஆசியோ (ASIO) டிரைவரை, அதாவது தாமதத்தைக் குறைக்கும் இணைப்பு மென்பொருளை, நிறுவி, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் அதையே தேர்ந்தெடு. ஒலி வெடித்து வெடித்து வந்தால் 256 வைத்துப் பார். பதிவு முடிந்து கலவை செய்யும்போது 1024க்கே திரும்பிவிடலாம். புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம். அதன் தாமதத்தை எந்த அமைப்பாலும் போக்க முடியாது.

பதிவு இடது காதில் மட்டும் கேட்கிறது.

மென்பொருளில் உங்கள் பதிவு இருக்கும் டிராக், இடம் வலம் என இரு தடமுள்ள ஸ்டீரியோவில் இருக்கிறது. உள்ளீடு 1, மோனோ (ஒற்றைத் தடம்) என்று மாற்றுங்கள்.

அக்கூஸ்டிக் கிட்டாரை மைக் வைத்துப் பதிந்தால் ‘கும்’மென்று பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. சமனாக்கியில் (ஈக்வலைசர்) எவ்வளவு குறைத்தாலும் போகவில்லை.

மைக் ஒலித்துளைக்கு நேராக இருக்கிறதா, பாருங்கள். பெட்டிக்குள் இருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸில் அதிர்ந்து அந்தத் துளை வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. மைக்கைப் பன்னிரண்டாவது ஃபிரெட்டுக்கு எதிரே, ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிறகு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒரே கார்டை மீட்டிக்கொண்டிருங்கள். வீட்டில் யாரையாவது மைக்கை மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். நான்கு விரற்கடை துளைப் பக்கம் போனால் அடிக்குரல் பருக்கும். கழுத்துப் பக்கம் போனால் விரல் கம்பியில் வழுக்கும் கீச்சொலிகூடத் தெளிவாகக் கேட்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடத்தில் உங்கள் கிட்டார் உங்கள் கிட்டாராகவே கேட்கும். அங்கே தரையில் ஒட்டுநாடாவால் குறி போடுங்கள். இதற்கு அரைமணி நேரம் செலவிடுங்கள். சமனாக்கியோடு இரண்டு நாள் மல்லாடுவது மிச்சம். மின்விசிறியை நிறுத்துங்கள். அறை எதிரொலித்தால், உங்களுக்குப் பின்னால் சுவரில் ஒரு மெத்தையைச் சாய்த்து வையுங்கள்.

ஒலி அளவு எவ்வளவு வைக்க வேண்டும்? சிவப்பைத் தொடும் வரை ஏற்றலாம் என்கிறார் நண்பர்.

வேண்டாம். 24 பிட்டில் (ஒவ்வொரு மாதிரியையும் அளக்கும் நுணுக்கம் இது) பதியுங்கள். நீங்கள் மிக வேகமாக அடிக்கும் இடத்தில்கூட அளவுமானி மைனஸ் 12 டெசிபல் அருகே நிற்கட்டும். குறைந்ததைப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பில் நறுக்கப்பட்ட ஒலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. தொடக்கத்தில் ஒரு மாலை முழுவதும் நான் வாசித்த நல்ல வாசிப்பொன்றை இப்படித்தான் இழந்தேன். இன்றும் அந்தக் கோப்பை அழிக்க மனம் வரவில்லை.

ரிதம் கிட்டாரை நகலெடுத்து இடம், வலம் என்று பிரித்து வைத்தேன். அகலமாகக் கேட்கவே இல்லை, சத்தம்தான் கூடுகிறது.

நகல் என்றால் இரண்டு பக்கமும் ஒரே ஒலி. காது அதை நடுவில்தான் கேட்கும். நகலை அழித்துவிட்டு, அதே பகுதியை மறுபடி வாசித்துப் பதியுங்கள். ஒன்றை முழுவதும் இடப்பக்கமும், மற்றதை முழுவதும் வலப்பக்கமும் தள்ளுங்கள். இரண்டு வாசிப்புக்கும் இடையில் மயிரிழை மயிரிழையாக விழும் வேறுபாடுதான் அந்த அகலம். இரண்டாவது முறை தொடங்கும் முன் கிட்டாரை மறுபடி சுருதி சேர்த்துக்கொள்ளுங்கள்.