நுரை வராததற்கு றேசர் என்ன செய்யும்?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மாமா இந்தமுறை ஊருக்கு வந்தபோது ஒரு சேப்டி றேசர் (ஒற்றை பிளேட்டை மாற்றி மாற்றிப் போடுவது), பிறஷ், கிண்ணத்தில் வரும் சவரச் சவர்க்காரம் மூன்றும் தந்துவிட்டுப் போனார். நாலு தரம் முயன்று பார்த்துவிட்டேன். சவர்க்காரம் நுரைப்பதே இல்லை, திரைந்த பால் மாதிரி முகத்தில் ஒட்டுகிறது. கழுத்து சிவந்து எரிகிறது. தனக்கு அங்கே வெண்ணெய் போல நுரை வருகிறது என்கிறார் மாமா. பேசாமல் பழைய மூன்று பிளேட் றேசருக்கே போய்விடலாமா? (வயது 25, உரும்பிராய்)

போக வேண்டாம் தம்பி. மாமா பொய் சொல்லவில்லை. உங்கள் கழுத்து எரிவதற்குக் காரணம் உங்கள் கைதான், அதற்குப் பிறகு வருகிறேன். ஆனால் நுரையைக் கெடுப்பது உங்கள் வீட்டுக் கிணறு.

மாமா முகம் கழுவுவது ஒன்ராறியோ ஏரித் தண்ணீரில். நீங்கள் கழுவுவது சுண்ணாம்புக்கல்லுக்குள் ஊறிக் கிடந்த தண்ணீரில். யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு அடியில் இருப்பதே சுண்ணாம்புப் பாறைதான். மாரியில் விழும் மழை அந்தப் பாறையின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கல்சியத்தைக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்குமே, அதுதான் சாட்சி. சவர்க்காரம் கல்சியத்தைக் கண்டதும் அதோடு சேர்ந்து கரையாத கட்டியாகத் திரண்டுவிடும். நீங்கள் முகத்தில் கண்ட திரைந்த பால் அதுதான். டியூப்பில் வரும் விலை கூடிய கிறீம் வாங்கு என்று நண்பர்கள் சொல்வார்கள். வாங்காதீர்கள். தண்ணீரை மாற்றுங்கள்.

சவரத்துக்கு நுரை அடிக்க ஒரு கோப்பைத் தண்ணீர் போதும். முதல்நாள் இரவே கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி வைத்துவிடுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த ‘தற்காலிக வன்மை’ ஞாபகம் இருக்கிறதா? கொதித்ததும் அதற்குக் காரணமான கல்சியம் அடியில் படிந்துவிடும். காலையில் அடியைக் கலக்காமல் மேலாக வடித்து, சூடாக்கி எடுங்கள். மாரி காலமென்றால் இன்னும் சுலபம்: முதல் ஓரிரு மழை கூரையைக் கழுவிவிட்டுப் போகட்டும், அதற்குப் பிறகு பீலியில் ஒரு வாளி பிடித்து வையுங்கள். மழைத் தண்ணீரில் அதே சவர்க்காரம் பொங்குவதைப் பார்த்தால் மாமாவையே மறந்துவிடுவீர்கள். தீவுப் பக்கம் கிணறு உவராக இருப்பவர்களுக்குக் கொதிக்கவைப்பதால் உப்புப் போகாது. அவர்கள் குடிக்க வாங்கும் தண்ணீரிலேயே ஒரு கோப்பை எடுப்பதுதான் வழி.

நுரைக்கு அவசரப்படாதீர்கள். பிறஷை நனைத்து, சொட்டுச் சொட்டாக விழும் வரை உதறிவிட்டு, சவர்க்காரத்தின் மேல் அரை நிமிடம் சுற்றுங்கள். பசை போல ஏறும். அதை வெறும் கோப்பைக்கு மாற்றி, விரலை நனைத்து மூன்று நாலு சொட்டு விட்டுச் சுற்றுங்கள், பிறகு இன்னும் மூன்று நாலு சொட்டு. கண்ணுக்குத் தெரிகிற குமிழி இருந்தால் தண்ணீர் கூடிவிட்டது. முகத்தில் பூசியதும் காய்ந்தால் குறைவு. கட்டித் தயிர் மாதிரி, மேலே மினுமினுப்போடு நிற்க வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்தால் வழுக்க வேண்டும். பிறஷ் பற்றி ஒரு சொல்: கடைகளில் மலிவாகக் கிடைக்கும் சில பிறஷ் பன்றி மயிரில் செய்தவை. அது வேண்டாம் என்பவர்கள் செயற்கை நாரில் செய்ததை வாங்கலாம். அது கெதியாகக் காயும், எனக்கும் அதுதான் பிடிக்கும்.

சரி, கழுத்து. மூன்று பிளேட் றேசரின் தலை ஆடும், அழுத்தினாலும் ஓரளவு தாங்கும். பழக்கத்தில் இதையும் அப்படியே அழுத்தியிருப்பீர்கள். இந்த றேசருக்குத் தன் பாரமே போதும். பிடியின் நுனியை இரண்டு விரலாலும் பெருவிரலாலும் மட்டும் பிடித்தால், அழுத்த நினைத்தாலும் முடியாது. பிடியைக் கன்னத்துக்குச் செங்குத்தாக நீட்டி, றேசரின் மூடியை மட்டும் தோலில் வையுங்கள். பிளேட் தொடாது. அப்படியே பிடியை மெல்ல மெல்லத் தாழ்த்தி இழுத்துப் பாருங்கள். காய்ந்த பனையோலையை நகத்தால் கீறுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். தோலுக்கும் பிளேட்டுக்கும் சுமார் 30 பாகை இருக்கும், ஆனால் பாகைமானி தேவையில்லை, காது போதும்.

ஒரு இழுவை ஒரு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. பக்கவாட்டில் மட்டும் ஒருபோதும் வழுக்கவிடாதீர்கள், அது சவரமல்ல, கத்தி வெட்டு. முதல் வாரம் இரண்டு கன்னங்களை மட்டும் இதால் வழியுங்கள். நாடியையும் கழுத்தையும் பழைய றேசரிடமே விடுங்கள். அதற்கிடையில் ஒரு நாள் வளர்ந்த தாடியில் விரலை ஓட்டி, எந்தப் பக்கம் தடவினால் வழவழப்பு, எந்தப் பக்கம் சொரசொரப்பு என்று பாருங்கள். கன்னத்தில் மயிர் கீழ்நோக்கி வளரும். கழுத்தில் பலருக்கு மேல்நோக்கியும் குறுக்காகவும் வளரும். நீங்கள் கழுத்தில் மேலிருந்து கீழே இழுத்தது உங்களுக்கு எதிர்மயிராக இருந்திருக்கலாம். முதல் மாதம் எதிர்மயிர் வழிக்கவே வேண்டாம். போதாவிட்டால் மறுபடி நுரை பூசிக் குறுக்காக ஒருதரம் எடுங்கள். ஏற்கெனவே கொப்பளம் இருந்தால் அது ஆறும்வரை அந்த இடத்தைத் தொடாதீர்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்பது நல்லது.

முடிந்ததும் பச்சைத் தண்ணீரில் கழுவி, படிகாரக் கட்டியை, எங்கள் ஆட்கள் சீனக்காரம் என்பதை, ஈரமுகத்தில் தடவி ஒரு நிமிடம் விட்டுக் கழுவுங்கள். எங்கே எரிகிறதோ அங்கேதான் அன்றைக்கு அழுத்தியிருக்கிறீர்கள். இதைவிட நேர்மையான வாத்தியாரை நான் கண்டதில்லை.

இந்தக் கருவி முதன்முதல் விற்பனைக்கு வந்த 1903இல் ஜில்லட்டால் விற்க முடிந்தது 51 றேசரும் 168 பிளேட்டும்தான். சனத்துக்குப் பிடிபடவே காலம் எடுத்திருக்கிறது. நாலு தரத்தில் உங்களுக்கு வராததில் வெட்கம் இல்லை.

பிளேட்டை ஐந்தாறு சவரத்துக்கு மேல் இழுக்காதீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், என் அப்பா ஒரே பிளேட்டைக் கண்ணாடிக் கிளாஸின் உட்புறத்தில் விரலால் அமத்தித் தேய்த்துத் தேய்த்து மாதக்கணக்கில் ஓட்டியவர். இப்போது அந்தக் கஷ்டம் தேவையில்லை. இன்றைய பிளேட்டின் விளிம்பில் மெல்லிய பூச்சு இருக்கிறது, தேய்த்தால் அதுதான் போகும். துவாயாலும் துடைக்காதீர்கள், கழுவி உதறினால் போதும். மாற்றும்போது கூரில்லாத இரண்டு ஓரங்களில் பிடியுங்கள். வீட்டில் அண்ணன் தம்பியாக இருந்தாலும் பிளேட்டை மாறிப் பாவிக்க வேண்டாம், ஈரலழற்சிக் கிருமி இரத்தத்தால் தொற்றும்.

பழைய பிளேட்டை முந்தி கிடுகு வேலியில் செருகிவிடுவார்கள். அடுத்த வருடம் வேலி அடைக்க வந்தவரின் விரல் அதைக் கண்டுபிடிக்கும். இப்போது குப்பைப் பையில் போட்டால் குப்பை அள்ளும் தொழிலாளியின் கை. ஒரு வெறும் பால்மாப் பேணியின் மூடியில் கத்தியால் நீளமாக ஒரு வெடிப்புப் போட்டு, உள்ளே விட்டுக்கொண்டு வாருங்கள். நிரம்பச் சில வருடம் பிடிக்கும். நிரம்பியதும் வாயை ஒட்டி, உள்ளே பிளேட் இருக்கிறது என்று சொல்லி, பழைய இரும்பு எடுக்க வருபவரிடம் கொடுங்கள்.