எட்டுப் பேர், ஒரு வேன், மூன்று நாள் கொடைக்கானல்: வாசகர் கேள்வி பதில்

நண்பர்களோடு கொடைக்கானல் போவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். எங்கே தங்குவது, எதைப் பார்ப்பது என்று கேட்டு வந்தவை கொஞ்சம்தான். கூட வருகிறவர்களை எப்படிச் சமாளிப்பது என்ற கேள்விதான் அதிகம். அவற்றிலிருந்து சிலவற்றுக்கு இங்கே பதில்.

அக்கா, கல்லூரி முடித்து நான்கு வருஷம் ஆன எட்டுப் பேர் நாங்கள். போன வருஷ டூரில் ஒருவனே எல்லாவற்றுக்கும் ஜிபே பண்ணினான். ஊருக்கு வந்து கணக்குக் கேட்டபோது இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள், அந்த மனக்கசப்பு இன்னும் போகவில்லை. இந்த முறை ஒருவனுக்கு வேலையும் இல்லை. அவனை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், திருப்பூர்

தம்பி, அவனை விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவனுக்கும் சேர்த்து நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று எல்லார் முன்னாலும் சொல்லவும் சொல்லாதீர்கள், அது அதைவிட மோசம்.

என் கதையைச் சொல்கிறேன். நாங்கள் ஆறு தோழிகள். முதல் தடவை கொடைக்கானல் போனபோது படகுத்துறை வரை வந்த ஒருத்தி, தலைவலி என்று சொல்லி ரூமுக்குத் திரும்பிவிட்டாள். மறுநாள் குதிரை சவாரிக்கும் வரவில்லை, சாப்பிடப் போனால் ஒரு டீ போதும் என்றாள். கையில் பணம் இல்லாமல்தான் அப்படி இருந்தாள் என்பது இரண்டு வருஷம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் ஐந்து பேரும் ஏரியில் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அவள் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

அதற்கப்புறம் நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ரூம், வேன் எதையும் பேசுவதற்கு முன்னால், தன்னால் அதிகபட்சம் எவ்வளவு போட முடியும் என்ற தொகையை ஒவ்வொருத்தியும் ஒரே ஒருத்திக்கு மட்டும் தனியாக அனுப்பிவிடுவாள். வந்ததில் எது குறைவோ அதுதான் தலைக்கு இவ்வளவு என்ற கணக்கு. அது யாருடைய தொகை என்று வாங்கியவள் வெளியே சொல்லக் கூடாது. அதற்குள் எந்த ரூம் கிடைக்கிறதோ அந்த ரூம், அதற்குள் எத்தனை நாள் முடியுமோ அத்தனை நாள். மூன்று நாள் இரண்டு நாளாகச் சுருங்கினாலும் பரவாயில்லை, எல்லாரும் ஒரே தட்டில் இருப்போம்.

பணத்தைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒருவர் கையில் சேர்த்துவிடுங்கள். வண்டி, ரூம், சாப்பாடு, நுழைவுச்சீட்டு இந்த நான்கும் பொதுக் கணக்கு. சாக்லேட், ஸ்வெட்டர், தைலம் என்று வாங்குவதெல்லாம் அவரவர் பாடு. கடைசி நேரத்தில் வராமல் போனால் சாப்பாட்டுப் பங்கு மட்டும் திரும்பக் கிடைக்கும், வண்டி, ரூம் பங்கு கிடைக்காது என்பதையும் இப்போதே குரூப்பில் எழுதி வைத்துவிடுங்கள். எழுதும்போது கறாராகத் தெரியும். பின்னால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் போவதற்கு இது எவ்வளவோ மேல்.

இன்னொன்று. கொடைக்கானலில் நல்ல விஷயங்கள் பலவற்றுக்குக் காசே வேண்டாம். ஏரியைச் சுற்றிக் கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் சாலை இருக்கிறது. விடியற்காலை ஆறு மணிக்கு எட்டுப் பேரும் அதில் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த நான்கு பேர், எல்லாருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. குடும்பம் இல்லாமல் தனியாக எங்கும் போனதே இல்லை. கொடைக்கானல் போகலாம் என்று ஆசை. "உங்களை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். ஒருத்திக்கு முழங்கால் வலி வேறு. எங்களால் முடியுமா?
– வாசகி, கரூர்

முடியும் அம்மா. தாராளமாக முடியும். இந்தக் கடிதத்தை நான் நாலைந்து தடவை படித்தேன்.

வீட்டில் போகலாமா என்று கேட்காதீர்கள். எந்தத் தேதி, எந்த வண்டி, எந்த விடுதி, அங்கே யாருடைய போன் நம்பர் என்று ஒரு தாளில் எழுதி, இதுதான் ஏற்பாடு என்று கையில் கொடுங்கள். விவரம் முழுசாகக் கையில் இருந்தால் பாதிப் பயம் அவர்களுக்குத் தானாகக் குறையும்.

ரயிலில் வந்தால் கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்க வேண்டும், அங்கிருந்து மேலே சுமார் 80 கிலோமீட்டர். பஸ் என்றால் திண்டுக்கல், வத்தலக்குண்டு வழி. வாடகை அதிகமானாலும் ரூமை ஏரிக்குப் பக்கத்தில் எடுங்கள். தள்ளிப் போய்த் தங்கினால் டீ குடிக்கக்கூட வண்டி தேட வேண்டியிருக்கும். மாடியில் ரூம் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

உங்கள் நான்கு பேருக்கும் ஏரிதான் முதல் இடம். 1863-இல் மதுரை கலெக்டராக இருந்த வியர் லெவிஞ்ச், ஓடையை மறித்துக் கரை கட்டி உருவாக்கிய ஏரி அது. நட்சத்திரம் மாதிரி அங்கங்கே கைகளை நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் ஓரமாக நடக்கும்போது பாதை வளைந்து வளைந்து போகும், பின்தங்கியவர்கள் தண்ணீருக்கு அந்தப் பக்கம் வந்துகொண்டிருப்பது இந்தப் பக்கத்திலிருந்து தெரியும். சாலை பெரும்பாலும் சமதளம். முழுச் சுற்று நடக்க வேண்டியதில்லை. கால் வலிக்கிறவர் பாதியில் உட்கார்ந்தால் மற்ற மூவரும் கூடவே உட்காருங்கள், அவசரம் ஒன்றும் இல்லை. படகு என்றால் மிதி படகு எடுக்காதீர்கள், முழங்காலுக்கு ஆகாது. ஆள் துடுப்பு போடும் படகு எடுங்கள். லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டுதான் ஏற வேண்டும், போட்டோவுக்காகக் கழற்றக் கூடாது.

ஏரியை ஒட்டியே பிரையண்ட் பூங்கா, 1908-இல் போட்ட தோட்டம். அரை நாள் அங்கேயே போய்விடும். அடுத்த நாள் காலையில் கோக்கர்ஸ் வாக். மலை விளிம்பிலேயே ஒரு கிலோமீட்டர் நடைபாதை, 1872-இல் போட்டது. காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் கீழேயிருந்து மேகம் எழும்பி வந்து மூடிக்கொண்டால், எதிரே வெள்ளையாகப் புகை மட்டும்தான் தெரியும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கும் போய்வாருங்கள். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்து பழநி தெரியும்.

டால்பின் நோஸ் வேண்டாம். வட்டக்கானலிலிருந்து வேரும் கல்லுமாக இறங்கிப் போகிற பாதை அது. இறங்கும்போது சிரமம் தெரியாது, திரும்பி ஏறும்போதுதான் முழங்கால் கேட்கும். மூன்று பேர் போய்விட்டு ஒருத்தியைத் தனியாக மேலே உட்கார வைப்பதும் வேண்டாம். நான்கு பேராலும் முடிகிற இடம் எதுவோ அது போதும்.

மலை ஏறினாலே வாந்தி. என்னால் வண்டியையே நிறுத்த வேண்டியிருக்கிறது, நண்பர்கள் அலுத்துக்கொள்கிறார்கள்.
– வாசகர், விழுப்புரம்

வளைவில் உடம்பு சுழல்கிறது என்று உள்காது மூளைக்குச் சொல்கிறது. கண்ணோ போனையோ முன் சீட்டையோ பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இந்த இரண்டும் ஒத்துப்போகாததுதான் குமட்டலுக்குக் காரணம். அதனால் முன் சீட்டு உங்களுக்குத்தான் என்று நண்பர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தூரத்துச் சாலையைப் பாருங்கள், போனைத் தொடாதீர்கள், ஜன்னல் கொஞ்சம் திறந்திருக்கட்டும். வெறும் வயிறும் கூடாது, புரோட்டாவை நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறவும் கூடாது, இரண்டு இட்லி போதும். மாத்திரை போடுவதாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு, மலை ஏறுவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பலன் இல்லை. தூக்கம் வரும், ஆகவே அன்று நீங்கள் வண்டி ஓட்டக் கூடாது.

ஓட்டுகிறவருக்கும் ஒரு வார்த்தை. இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் நின்று வழிவிட வேண்டும், சட்டமே அதுதான். இரவு மலை ஏற்றம் வேண்டவே வேண்டாம்.

இ-பாஸ் கட்டாயமா? தண்ணீர் பாட்டில் கொண்டு போகக் கூடாதாமே?
– வாசகர், சேலம்

வெளியூரிலிருந்து சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போனால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கிறது. இலவசம்தான், அரசு இணையதளத்தில் எடுத்துக்கொள்ளலாம். பணம் கொடுங்கள், எடுத்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது வேண்டாம். 2025 கோடையில் வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. எனவே பாஸ் கையில் வந்தபின் ரூமுக்கு அட்வான்ஸ் கட்டுங்கள். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு அங்கே தடை. ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள். பேரிஜம் ஏரி போக நினைத்தால் வனத்துறை அனுமதி தனியாக வேண்டும், ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று கணக்கு உண்டு.

அக்கா, ஊருக்கு வெளியே கூடாரம் போட்டு, நெருப்பு மூட்டி, காளான் எல்லாம் கிடைக்கும் என்கிறான் கூட வரும் ஒருவன். மற்றவர்கள் சரி என்றுவிட்டார்கள். எனக்கு மட்டும் பயமாக இருக்கிறது. பயந்தாங்கொள்ளி என்கிறார்கள்.
– கல்லூரி மாணவர், கோவை

நீ பயப்படுவது சரிதான் தம்பி. மாட்டேன் என்று தைரியமாகச் சொல்.

போதைக் காளானில் இருக்கும் சைலோசைபின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிபட்டால் வழக்கு, அது படிப்பு, வேலை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் பாதிக்கும். காட்டுக் காளானில் எது விஷம் என்று விற்கிறவனுக்கே தெரிந்திருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. போதையில் மலை விளிம்பில் நிற்பதை யோசித்துப் பார்.

நெருப்பு இன்னும் பெரிய விஷயம். அங்கே இருக்கும் புல்வெளி கோடையில் ஒரு பொறி விழுந்தால் பற்றிக்கொள்ளும், பக்கத்துச் சோலைக்காட்டின் ஓரத்தையும் தீ விடாது. சோலை மரங்கள் மறுபடி வளர்ந்து வர எத்தனையோ வருஷம் ஆகும். வெளியே குளிர்கிறது என்று கரி அடுப்பைக் கூடாரத்துக்குள்ளேயோ ரூமுக்குள்ளேயோ வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கத்திலேயே உயிர் போய்விடும். இதை உன் நண்பர்கள் எல்லாருக்கும் படித்துக் காட்டு.

ராத்திரியில் காட்டு மாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடும். பார்க்கச் சாதுவாகத்தான் தெரியும், பக்கத்தில் போய் போட்டோ எடுக்கப் போனவர்களை முட்டித் தூக்கிப் போட்டிருக்கிறது. வேலி போட்டிருக்கிற பாறை இடுக்குகளிலும் அப்படித்தான், வேலியைத் தாண்டாதே. அனுமதி உள்ள விடுதியில் தங்குங்கள், ராத்திரி கம்பளியைப் போர்த்திக்கொண்டு விடிய விடியப் பேசுங்கள். உன் வயசில் நண்பர்களோடு பேச எவ்வளவோ இருக்கும். அப்படியும் அவன் பிடிவாதம் பிடித்தால், நீ மட்டும் கிளம்பி வந்துவிடலாம். உன்னோடு இன்னும் இரண்டு பேராவது வருவார்கள்.

எல்லாருக்கும் லீவு கிடைப்பது மே மாதம்தான். அப்போது போகலாமா? குறிஞ்சிப் பூ பார்க்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

மே மாதம் போகலாம், செவ்வாய் முதல் வியாழனுக்குள் போய்வாருங்கள். சனி ஞாயிறு என்றால் பாதி நேரம் வண்டியிலேயே போய்விடும். கூட்டத்தில் தூண் பாறை, பைன் காடு என்று 12 மைல் சுற்றை ஒரே நாளில் முடிக்க ஓடாதீர்கள். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் ஒரு நாள் போனால் கொஞ்சம் மூச்சு விடலாம்.

நீலக்குறிஞ்சி மலை முழுக்கப் பூப்பது பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவைதான். 2006, 2018, அடுத்து 2030. அதுவும் மே மாதம் இல்லை, ஆகஸ்ட், செப்டம்பரை ஒட்டி.

எங்கள் ஆறு பேருக்கும் 2018-இல் சேர்ந்து போக முடியவில்லை, ஆளுக்கொரு காரணம் வந்துவிட்டது. 2030-க்கு விடக் கூடாது என்று 2025-லேயே தபால் ஆபீஸில் ஐந்து வருஷ ஆர்.டி. ஒன்று தொடங்கிவிட்டோம். மாதம் எவ்வளவு என்பதையும் அதே முறையில்தான் முடிவு செய்தோம், வந்ததில் குறைவான தொகை எதுவோ அது. அன்றைக்கு படகுத்துறையிலிருந்து தலைவலி என்று திரும்பிப் போனாளே, அவள் பெயரில்தான் கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் பணம் கட்டியதும் பாஸ்புக்கைப் போட்டோ எடுத்து எங்களுக்கு அனுப்புவாள்.