வலிக்குதாம்

அன்புள்ள ஐயா,

சேலத்தில் முதியவர்களை வீட்டுக்கே போய்க் கவனிக்கும் சிறு குழுவை நடத்துகிறேன். ஏழு பேர். வாரத்தில் இரண்டு நாள் ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கும் போகிறோம். அங்கே ஒரு தாத்தா, கால் புண்ணுக்குக் கட்டு மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறார். “வேணும்னே பண்றாருங்க அக்கா” என்கிறாள் எங்கள் குழுப் பெண். குழுவுக்கு மென்டலைசேஷன் பயிற்சி, அதாவது அடுத்தவர் மனதிலும் தன் மனதிலும் என்ன ஓடுகிறது என்று ஊகித்துப் பார்க்கும் பயிற்சி, கொடுக்கலாமா? இரண்டு நாள் பயிலரங்கு போதுமா? அந்தச் சொல்லுக்குத் தமிழ் என்ன?

க., சேலம்

அன்புள்ள க.,

பயிலரங்கு வேண்டாம். ‘பரிவு’ என்று திரையில் போட்டுக் காட்டுவது மதியச் சாப்பாட்டோடு கரைந்துவிடும். கலைச்சொல்லை யாராவது செய்து தருவார்கள். ‘மனமறிதல்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், அறிந்தாயிற்று என்று பொருள்பட்டுவிடும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது உங்கள் கடிதத்தில் இருக்கும் ‘வேணும்னே’. கொஞ்ச நாளாகவே நான் சுற்றிச் சுற்றி வருவது இந்த இடத்தைத்தான். ‘வலிக்குது’, ‘வலிக்குதாம்’, ‘வலிக்குது போல’ என்று தமிழில் மூன்று உண்டு. முதலாவதைச் சொல்லும் உரிமை வலிக்கிறவருக்கு மட்டும். இரண்டாவது, அவர் சொன்னார், நான் கேட்டேன். மூன்றாவது, முகத்தைப் பார்த்து நானாக நினைத்தேன். அடுத்தவர் மனம் நமக்கு வெளியிலிருந்து தெரியாது, ஊகிக்கத்தான் முடியும் என்று மென்டலைசேஷன் சிகிச்சையை உருவாக்கிய பீட்டர் ஃபோனகியும் ஆந்தனி பேட்மனும் லண்டனில் இருந்துகொண்டு பல வருடங்களாகச் சொல்லிவருவதை நம் வினைமுற்று தினமும் சொல்கிறது. அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ‘வலிக்குதாமே!’ என்று இழுத்து நக்கலடிப்பதும் இதே விகுதியை வைத்துத்தான்.

ஆகவே வீடுவீடாகப் போய்வந்து எழுதும் நோட்டிலிருந்து தொடங்குங்கள். ‘அன்கோஆப்பரேட்டிவ்’, ஒத்துழைக்காதவர், என்ற சொல்லுக்குத் தடை. நோயாளியின் மனதைப் பற்றிய ஒவ்வொரு வரியும் ‘தாம்’ அல்லது ‘போல’ என்று முடியட்டும். ‘போல’ போட்டால், எதைப் பார்த்து என்பதும் அதே வரியில் வர வேண்டும்: ‘பயப்படுறார் போல, கத்தரியை எடுத்ததும் முழங்காலை மடக்கினார்.’ ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் பேசுவதும் தமிழ்தான், அங்கேயும் இதே நோட்டு போதும்.

எங்கே கெடும் என்பதையும் சொல்கிறேன். இரண்டு வாரத்தில் எல்லோரும் ‘போல’வை முத்திரை மாதிரி குத்துவார்கள். ‘நடிக்கிறார் போல’ என்று எழுதுவார்கள். அப்போது திட்டாதீர்கள். “இன்னொரு போல சொல்லு” என்று கேளுங்கள். இரண்டாவது ஊகம் ஒன்று வந்துவிட்டாலே முதலாவதன் பிடி தளரும். கோபத்திலோ பயத்திலோ இருப்பவளிடம் மட்டும் இதைக் கேட்காதீர்கள். உணர்ச்சி பொங்கும்போது முதலில் நின்றுபோவது இந்தத் திறன்தான். தண்ணீர் குடித்து வரட்டும்.

போய்வந்ததைப் பற்றிக் குழுவுக்குள் பேசுவதற்கு ஆம்பிட் என்ற முறையின் நான்கு படிகளை எடுத்துக்கொள்ளலாம். லண்டன் அன்னா ஃப்ராய்ட் மையத்தில், சிகிச்சைக்குத் தாமாக வராத இளைஞர்களைத் தேடிப் போகும் குழுக்களுக்காக உருவானது அது. எதற்காகப் பேசுகிறோம் என்பது முதலில். பிறகு நடந்தது, சுருக்கமாக. அடுத்து மனங்கள்: முதலில் சொல்கிறவளுடையது, அப்புறம் தாத்தாவுடையது, வீட்டுக்காரர்களுடையது. கடைசியில், கேட்டது எதுவோ அதற்குத் திரும்புவது. பத்து நிமிடம் போதும். ஆனால் மலையிறங்கும் வண்டியில் வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும், வீட்டு விஷயம் டிரைவர் காதிலும் விழும். ஆபீசுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பேசுங்கள்.

இதைக் கெடுப்பது பெரும்பாலும் உங்களைப் போன்ற அக்காக்கள்தான். இரண்டாம் படி முடிந்ததும் நான்காம் படிக்குத் தாவி “அப்ப இப்படிப் பண்ணு” என்பீர்கள். மூன்றாவது காணாமல் போகும். உங்கள் கடிதத்தையே பாருங்கள். அந்தப் பெண் சொன்னதை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டீர்கள். அன்றைக்கு அது அவளுக்கு எத்தனையாவது வீடு, கையைத் தட்டிவிட்டபோது அவளுக்கு எப்படி இருந்தது, ஒரு வரி இல்லை. ஏழு பேரைக் கட்டி மேய்க்கிற அலுப்பு எனக்குப் புரிகிறது போல என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் முன்னால் ஒன்று. நேற்றுவரை இல்லாத குழப்பமோ முரட்டுத்தனமோ இன்று திடீரென்று வந்தால் மனதை ஊகித்துக்கொண்டு உட்காராதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீர்ச்சத்துக் குறைவு, புது மாத்திரை எதுவாகவும் இருக்கலாம், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். புண்ணில் காய்ந்து ஒட்டிய காஸ் துணியை நனைக்காமல் உரித்தால் யாராக இருந்தாலும் தட்டிவிடுவார்கள். நார்மல் சலைன் ஊற்றிச் சில நிமிடம் ஊறவிட வேண்டும். ஏற்காட்டுக் குளிரில் அந்த பாட்டிலும் சில்லென்று இருக்கும், கையில் பிடித்துச் சூடாக்கிக்கொள்ளட்டும். டாக்டர் வலி மாத்திரை எழுதியிருந்தால் கட்டுப் பிரிக்க அரை மணிக்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும்.

அதற்குப் பிறகும் தட்டிவிட்டால், கையை எடுத்துவிட்டு அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்: “கட்டைத் தொட்டதும் தட்டிவிட்டீங்க தாத்தா, வலிக்கும்னு நினைச்சீங்க போல. அதானா, வேற ஏதாவதா?” அவர் “வேற” என்றால் நோட்டில் அதை ‘தாம்’ போட்டு எழுதட்டும்.