மலை இறங்கும்போது பின் பிரேக் ஏன் கைவிடுகிறது?

கேள்வி: 150 சிசி பைக்கில் மனைவியுடன் கொல்லிமலை போய்வந்தேன். ஏறும்போது தொல்லை இல்லை. காரவள்ளிக்கு இறங்கும் வழியில் பின் பிரேக் பெடல் ஆழமாக இறங்கியது, கருகல் வாடை வந்தது, எவ்வளவு மிதித்தும் சரியாகப் பிடிக்கவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தபின் பழையபடி பிடித்தது. மெக்கானிக் ஒன்றுமில்லை என்கிறார். அடுத்து வால்பாறை போகிறோம். இந்தப் பிரேக்கை நம்பலாமா?

பதில்: மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் சரி. ஆறியதும் தானாகத் திரும்பிவந்தால் அது சூட்டில் சோர்ந்த பிரேக். எவ்வளவு சூடு என்று கணக்குப் போடலாம். வண்டி, இரண்டு பேர், பை எல்லாம் சேர்த்து 290 கிலோ. இறங்கும் உயரம் 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆற்றல் முழுவதும் வெப்பமானால் ஒன்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடும். அதில் பெரும்பங்கை பின் சக்கரத்தின் நடுவே இருக்கும் ஒரு சின்ன பிரேக் டிரம்மின் தலையில் கட்டியிருக்கிறீர்கள்.

சூடேறினால் டிரம் விரிந்து, அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகும். பெடல் ஆழமாகப் போனது அதனால்தான். ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங்கின் உராய்வும் குறையும். வாடை அங்கிருந்து வந்தது. முன்பக்க டிஸ்க்கில் கதை வேறு. லீவர் கெட்டியாக இருந்தும் பிடிப்பு இல்லையென்றால் டிஸ்க்கைக் கவ்வும் பேட் சூடாகிவிட்டது. லீவர் பஞ்சுபோல் கைப்பிடி வரை வந்தால் பிரேக் ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகியிருக்கிறது. இதுதான் அதிக ஆபத்து. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி தாங்க வேண்டும். ஈரம் உறிஞ்சியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதற்காக. டப்பாவின் கண்ணாடி வழியே பார்த்தால் ஆயில் டீ நிறத்தில் தெரிகிறதா? கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள்.

இனி இறங்கும் முறை. வேகத்தைப் பிடித்து வைப்பது கியரின் வேலை. பிரேக் அதைக் குறைக்க மட்டும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டு பேரோடு 150 சிசி என்றால் பெரும்பாலும் இரண்டாவது, கொண்டை ஊசியில் முதலாவது. ஆக்சிலரேட்டரை விட்டதும் இன்ஜின் உறுமி வண்டியைப் பின்னால் இழுக்க வேண்டும். அந்த உறுமலுக்குப் பயந்து பலர் கியரை ஏற்றிவிடுகிறார்கள். ரெட்லைனை, அதாவது இன்ஜின் சுழற்சியின் உச்ச வரம்பைத் தொடாதவரை இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாது. கிளட்ச்சைப் பிடித்தபடியோ, பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலிலோ உருட்டினால் முழுப் பாரமும் பிரேக்குக்குப் போய்விடும். பெடலில் கால் வைத்தே ஓட்டும் பழக்கமும் அதே கணக்குதான். நேரான இடத்தில் இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து, வேகம் குறைந்ததும் முழுதாக விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறும்.

வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே பிரேக், கியர், ஹாரன் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். உள்ளே போனபின் முன் பிரேக்கைச் சட்டென்று பிடித்தால், சாய்ந்த வண்டி சரளைக்கல்லில் அப்படியே படுத்துவிடும். இடப்பக்க வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து, மண்ணும் சருகும் சேர்வதும் அங்கேதான். ஆகவே உங்கள் பாதிச் சாலைக்குள் கொஞ்சம் நடுப்பக்கமாக வந்து திரும்புங்கள். வலப்பக்க வளைவில் உள்ளே வெட்டவே கூடாது. மேலே வரும் பஸ்ஸுக்கு அந்த இடம் முழுவதும் தேவை. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்குத்தான் முதல் வழி, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. கண்ணைத் தடுப்புச்சுவரில் வைக்காமல் தலையைத் திருப்பி வெளியேறும் இடத்தைப் பாருங்கள். கண் போகும் இடத்துக்கே வண்டியும் போகும்.

பின்னால் இருப்பவர் இறக்கத்தில் உங்கள் முதுகில் சரிந்தால் கைப்பிடியில் பாரம் ஏறித் திருப்புவது கடினமாகும். ஒரு கையை டேங்க்கில் ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கிளம்பும் முன் பின் ஷூவைப் பாருங்கள். பிரேக்கை மிதிக்கும்போது டிரம் மூடியிலுள்ள அம்புக்குறி எல்லைக் கோட்டைத் தொட்டால் ஷூ முடிந்துவிட்டது. டயர் குளிர்ந்திருக்கும்போது, இருவருக்கான காற்றழுத்தம் வைக்க வேண்டும். அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும். மலைக்கென்று காற்றைக் குறைக்காதீர்கள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசிகள். ஆனைமலை புலிகள் காப்பகத்து வழி என்பதால் தோன்றிய இடத்தில் நிற்க முடியாது. திரும்பும்போது ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ காட்சிமுனை வரும். அதற்குள் 31 வளைவுகள் முடிந்திருக்கும். அங்கே இறங்கி, தொடாமல், பின் சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோங்கள். அனல் அடித்தால் இருபது நிமிடம் நிற்கட்டும். சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீர் ஊற்றினால் சூடான டிரம்மும் டிஸ்க்கும் கோணிவிடும். நடுவழியிலேயே பெடல் ஆழமாகப் போனால் உடனே கியரைக் குறைத்து, முன் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்து, வளைவு இல்லாத இடத்தில் இடப்பக்கம் ஒதுங்குங்கள்.