கார் வூஃபரும் பத்துக்குப் பத்து ரூமும் (கடிதம்)

அண்ணா வணக்கம். உங்க ஆடியோ பதிவெல்லாம் விடாம படிக்கிறவன் நான். பழைய கார வித்தப்ப அதுல இருந்த 12 இஞ்ச் வூஃபர மட்டும் பாக்ஸ், ஆம்ப்ளிஃபயரோட கழட்டி வச்சுக்கிட்டேன். இப்ப வீட்ல இருக்குற 5.1 ரிசீவரோட சப் அவுட்ல குடுத்து, கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் (12 வோல்ட் குடுக்கற பவர் சப்ளை பெட்டி) வச்சு ஓட்டிப் பாத்தேன். கார்ல நெஞ்சு அதிரும், இங்க சோபால உக்காந்தா ஒண்ணுமே இல்ல. ஆனா மாடில ஹவுஸ் ஓனரம்மா பாத்திரம் ஆடுதுன்னு சண்டைக்கு வர்றாங்க. வூஃபர் மேல 1200 வாட்ஸ்னு போட்டிருக்கு. பவர் பத்தலையா? பெரிய எஸ்எம்பிஎஸ் வாங்கவா, இல்ல வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிலருந்தே 12 வோல்ட் எடுத்துக்கலாமா? கார் வூஃபர் வீட்டுக்கு ஆகாதுன்னு ஃப்ரெண்டு சொல்றான், நெசமா? ரூம் பத்துக்குப் பத்து, சோபா நடுவுல இருக்கு.

பேர் வேண்டாம், திருப்பூர்

தம்பி,

மொதல்ல அந்த இன்வெர்ட்டர் பேட்டரிகிட்ட போகாதீங்க. 12 வோல்ட் வரும், ஆம்ப் ஓடும், அதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனா 150 ஏஎச் ட்யூப்லர் பேட்டரில ஃப்யூஸ் இல்லாம ஒயர் இழுத்து அது எங்கயாவது உரசிச்சுன்னா ஒயர் பழுத்து எரியும், நீங்க ஓடிப் போய் ஸ்பேனர தேடறதுக்குள்ள ஜன்னல் ஸ்க்ரீன் பத்திக்கும். வீட்ல குழந்தை இருக்கா இல்லையான்னு நீங்க எழுதல, இருந்தாலும் இல்லாட்டியும் இந்த வேலை வேண்டாம். கரண்ட் போனா ஃபேன் ஓடணும்னு வாங்கி வச்சதுல கை வைக்க எப்படித்தான் மனசு வருதோ.

எஸ்எம்பிஎஸ் கதையையும் முடிச்சுடறேன். நெசமா 300 வாட்ஸ் குடுக்கற கார் ஆம்ப், நஷ்டத்தையும் சேத்தா 400 வாட்ஸ் பக்கம் இழுக்கும், 12 வோல்ட்ல அது 33 ஆம்பியர். சாதா கம்ப்யூட்டர் எஸ்எம்பிஎஸ் அதுக்கு மூச்சு வாங்கும், படத்துல குண்டு வெடிக்கற நேரமா பாத்து ட்ரிப் ஆகும். அந்த ஆம்ப வித்துட்டு கரண்ட்ல ஓடற ஒரு சப் ஆம்ப் வாங்கிக்கோங்க. வூஃபர்ல ரெண்டு காயில், ஒவ்வொண்ணும் 4 ஓம்னா சீரிஸ்ல போட்டு 8 ஓம் ஆக்கிக்கோங்க, பேரலல்ல போட்டா 2 ஓம், வீட்டு ஆம்ப் முக்காவாசி அதத் தாங்காது. 1200ங்கறது பீக் கணக்கு, ஒரு கணம் தாங்கறது. பக்கத்துல பொடி எழுத்துல ஆர்எம்எஸ்னு ஒண்ணு இருக்கும், விடாம தாங்கறது, அதான் நெசம். அதையும் ரெட்டிப்பாக்கினா கூட உங்களுக்குக் கெடைக்கறது 3 டெசிபல்தான், காதுக்கு லேசா கூடின மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

ஃப்ரெண்டு சொல்றத விடுங்க. பேப்பர் கோனும் காயிலும் காந்தமும்தான், அதுக்கு கார் எது வீடு எதுன்னு தெரியாது.

ஆனா "கார்ல நெஞ்சு அதிரும்"னு எழுதியிருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் இந்த பதிலே. நம்மாளுங்க எல்லாருக்கும் இந்த மயக்கம் இருக்கு, அதிர வச்சது வூஃபர்னு நெனச்சுக்கிட்டிருக்கோம். பாதி வேலைய பாத்தது உங்க கார் தம்பி. 20 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 20 தடவ அதிர்ற அடி சத்தத்தோட அலை நீளம் 17 மீட்டர், கார் உள்ள மூணு மீட்டர் கூட தேறாது. சுமாரா 60 ஹெர்ட்ஸுக்குக் கீழ அலை உள்ள ஓட எடமில்ல, அதனால கண்ணாடி ஏத்தின கார்ல மொத்த காத்தும், சைக்கிள் பம்ப் நுனிய விரலால அடைச்சு அழுத்தற மாதிரி, ஒண்ணா அமுங்கி ஒண்ணா விரியும். தியரிப்படி ஒவ்வொரு ஆக்டேவ், அதாவது ஹெர்ட்ஸ் பாதிப் பாதியா, கீழ எறங்க எறங்க 12 டெசிபல் வரைக்கும் ஏறும். மூடின பாக்ஸ்ல போட்ட வூஃபரு அதே 12 டெசிபல் கணக்குல கீழ விழும். ரெண்டும் ஒண்ண ஒண்ணு சரிக்கட்டிடும். கார் வூஃபருக்கு சின்ன பாக்ஸ் போதும்னு சொல்றதே இந்த தைரியத்துலதான். வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அந்த உதவி போயிடுச்சு, வூஃபர் தனியா நிக்குது. அதனால பாக்ஸ பெருசா, 18 எம்எம் ப்ளைவுட்ல, அந்த வூஃபருக்கு கம்பெனி குடுக்கற எஃப்எஸ், க்யூடிஎஸ், வாஸ்ங்கற அளவுகளப் பாத்து திரும்ப அடிக்கணும். அத அப்புறம் பேசலாம், ஏன்னா உங்க கோளாறு பாக்ஸ் கூட இல்ல, ரூம்.

மதுரைல எங்க தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளி ஒரு மைக் செட் அண்ணன் இருந்தாரு. ஸ்கூல் விட்டா நான் அங்கதான் கெடப்பேன். புது பாக்ஸ் அடிச்சா அண்ணன் நக்கிளால நாலு பக்கமும் தட்டிப் பாப்பாரு, "டக்"குனு கேட்டா சரி, "டொம்"முனு கேட்டா உள்ள குறுக்க ஒரு ரீப்பர் வச்சு அடிப்பாரு. இடுக்கெல்லாம் மரத்தூளும் ஃபெவிகாலும் கொழச்சு அப்பி, வூஃபர ஓட விட்டு ஓரத்துல ஊதுபத்தியக் காட்டுவாரு, புகை துள்ளுச்சுன்னா அங்க காத்து கசியுதுன்னு அர்த்தம். ஆனா அவரோட பெரிய வித்த அது இல்ல. கல்யாண மண்டபத்துல செட் போட்டதும் பந்தி பக்கத்துலருந்து மணமேடை வரைக்கும் கைய பின்னாடி கட்டிக்கிட்டு மெதுவா நடப்பாரு. நடந்துட்டே இருக்கறவரு சட்டுனு நின்னு, "டேய் இங்க சத்தம் சாகுது, சாக்பீஸ் எடுத்துட்டு வா"ம்பாரு. அந்த எடத்துல சேர் போட விடமாட்டாரு. மாப்பிள வீட்டுக்காரங்க கத்துவாங்க, காதுலயே வாங்க மாட்டாரு. மண்டபத்துல காரணம் வேற, ரெண்டு பக்க பாக்ஸ் சத்தமும் மோதி ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கும். ஆனா சத்தம் சாகுற எடம்னு ஒண்ணு உண்டுன்னு எனக்குக் காட்டுனவரு அவருதான். இன்னிக்கு லட்சக்கணக்குல தியேட்டர் ரூம் கட்டறவன்ல எத்தன பேரு அப்படி நடந்து பாத்திருப்பான்?

உங்க ரூம்ல அந்த எடம் எங்க இருக்குன்னா, நீங்க உக்காந்திருக்கற எடத்துலயே. பத்தடின்னா 3.05 மீட்டர், அதுல அரை அலை கச்சிதமா அடங்கற சத்தம் 56 ஹெர்ட்ஸ். நீளமும் பத்து, அகலமும் பத்து, நம்ம ஊர் கட்டடத்துல உயரமும் அநேகமா பத்து. மூணும் சேந்து அதே 56ல போய் குந்திக்கும். இப்படி சுவத்துக்கு சுவரு மோதி ஒரே எடத்துல நின்னு ஆடற அலைக்கு சுவத்தோரம் அழுத்தம் உச்சம், நட்ட நடுவுல பூஜ்யம். நீங்க பூஜ்யத்துல சோபா போட்டு உக்காந்துக்கிட்டு பவர் பத்தலையான்னு கேக்கறீங்க! 300 இல்ல, 3000 வாட்ஸ் குடுங்க, சுவரும் கூரையும்தான் வாங்கிக்கும், அந்தம்மா பாத்திரம் இன்னும் நல்லா ஆடும். கூரைலதான் அழுத்தம் உச்சம், அவங்க அதுக்கு மேலதான குடியிருக்காங்க, பாவம் அவங்க பொய் சொல்லல. ஈக்வலைசர்ல ஏத்தினாலும் இதே கதிதான்.

வெளிநாட்டு யூட்யூப் பாத்துட்டு இதுக்கு நுரை ஒட்டப் போகாதீங்க. அவங்க சுவரு மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும், பேஸ்ல (அடி சத்தத்துல) கொஞ்சம் வெளிய தப்பிச்சுடும். நம்மது ஒம்போது இஞ்ச் செங்கல் சுவரு, எல்லாத்தையும் திருப்பி அனுப்பும். 56 ஹெர்ட்ஸ் அலை ஆறு மீட்டர் நீளம், அத ஒரு இஞ்ச் நுரையும் முட்டை அட்டையும் புடிக்குமா? முட்டை அட்டைய எவன் ஆரம்பிச்சு வச்சானோ, அவன நேர்ல பாத்தா ரெண்டு வார்த்தை கேக்கணும்.

காசு செலவில்லாத வேலை ஒண்ணு சொல்றேன். சோபாவ நடுவுலருந்து பின்னாடி நகத்துங்க, சுவத்த ஒட்டி வேண்டாம், ஒரு மூணடி விடுங்க. அப்புறம் வூஃபர தூக்கி அதே சோபால நீங்க உக்கார்ற எடத்துலயே வச்சு, பேஸ் கிட்டார் சீரா ஓடற ஏதாவது ஒண்ண போட்டுட்டு, தரையோட தரையா சுவத்தோரமா தவழ்ந்து போங்க. வீட்ல சிரிப்பாங்க, சிரிக்கட்டும். எல்லா சுரமும் ஒரே அளவுல கேக்கற எடத்துல சாக்பீஸ்ல கோடு போட்டுட்டு வூஃபர அங்க கொண்டு வைங்க. மூலைல சத்தம் அதிகமா இருக்கும், மயங்கிடாதீங்க, அங்க ஒரே சுரம்தான் கத்தும். பின்னால எப்பவாவது ரெண்டாவது வூஃபர் வாங்குனா எதிரெதிர் சுவத்து நடுவுல ஒண்ணொண்ணு வைங்க, அந்த 56ல பெரும்பகுதி அடங்கிடும். ரிசீவர்ல கிராஸ்ஓவர், அதாவது எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழ வூஃபருக்குப் போகணும்ங்கற அளவு, 80, ஆம்ப்ல இருக்கற ஃபில்டர முழுசா மேல ஏத்தி விட்டுடுங்க, ரெண்டும் சேந்து அறுக்க வேண்டாம். ஃபேஸ் சுவிட்ச (வூஃபர் கோன் முன்ன தள்ளறத பின்ன இழுக்கறதா மாத்தறது) ரெண்டு பக்கமும் போட்டுப் பாத்துட்டு எதுல நெறைய கேக்குதோ அதுல விடுங்க. பகல்ல பண்ணுங்க இதெல்லாம், ராத்திரி பத்து மணிக்கு வேண்டாம்.