பிள்ளை கேட்ட கேள்வியும் பிள்ளை என்ற பெயரும்

கேள்வி: ஜனவரி 14 அன்று, திருவிதாங்கூரில் 1752-இல் சுட்டுக் கொல்லப்பட்ட புனித தேவசகாயம் திருவிழாவுக்காகக் குடும்பத்தோடு காற்றாடிமலைக்குப் போய்விட்டு வந்தோம். மதியம் சாப்பிட உட்கார்ந்தபோது, திருவனந்தபுரத்தில் கல்லூரியில் படிக்கும் என் மகன், "அவரை மதம் மாறியதற்காகச் சுடவில்லை, அரண்மனை ரகசியத்தை வெளியே சொன்னதற்காகத்தான் சுட்டார்கள் என்கிறார்கள் என் நண்பர்கள். அது உண்மையென்றால் அவர் எப்படிப் புனிதர்?" என்று கேட்டுவிட்டான். என் மாமனார் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். அவருக்குப் பூர்வீகம் வடக்கன்குளம். "தேவசகாயம் பிள்ளை நம்ம ஆள், நம் வீட்டிலேயே அவரைப் பழிக்கிறான்" என்று அன்றிலிருந்து பேரனோடு பேசுவதில்லை. மகன் இப்படிக் கேட்டது பாவமா? பங்குத்தந்தையிடம் அழைத்துப் போகட்டுமா? அவன் சொல்வதில் ஏதாவது உண்மை இருக்கிறதா?

பெயர் வேண்டாம், குமரி மாவட்டம்

பதில்:

சகோதரி, பாவமில்லை. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு பதவியை வைத்திருந்த திருச்சபை நம்முடையது. 1587-இல் திருத்தந்தை ஐந்தாம் சிக்ஸ்துஸ் காலத்தில் அது உருவானது. ஒருவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கலாம் என்று ஊரே சொல்லும்போது, கொடுக்கக் கூடாது என்பதற்கு என்னென்ன காரணம் உண்டோ அத்தனையையும் தேடி எடுத்து வாதாட வேண்டியது அந்தப் பதவியில் இருந்தவர் வேலை. 'சாத்தானின் வழக்கறிஞர்' என்று மக்கள் அவருக்குப் பெயர் வைத்தார்கள். 1983-இல் இரண்டாம் ஜான் பால் நடைமுறையைத் திருத்தியபோது அந்தப் பதவியின் பங்கு குறைந்துவிட்டது. ஆனாலும் எதிர்ச்சாட்சி கேட்கும் வழக்கம் போகவில்லை. அன்னை தெரசாவைக் கடுமையாக விமர்சித்து எழுதிய கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் நாத்திகர். அன்னைக்குப் பட்டம் கொடுப்பதற்கான விசாரணையில் அவரையே கூப்பிட்டு உட்காரவைத்து, அவர் சொன்னதைப் பதிவு செய்துகொண்டார்கள். உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையைவிட அங்கே பொறுமை அதிகம் போலிருக்கிறது.

இனி உங்கள் மகன் கேட்ட விஷயத்துக்கு வருவோம். அவனுடைய நண்பர்கள் இட்டுக்கட்டியதில்லை அது. தேவசகாயத்துக்கு, புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் பட்டம் கிடைத்த காலத்திலேயே இந்த வாதம் கேரளத்திலும் குமரியிலும் பேசப்பட்டது. மதம் மாறியதற்காக ஒருவரைக் கொன்றதாகத் திருவிதாங்கூர் ஆவணங்களில் இல்லை என்று சில வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அந்த வாதத்தில் பலமும் இருக்கிறது. 1741-இல் குளச்சலில் தோற்றுச் சரணடைந்த டச்சுப் படைத்தலைவர் டிலனாய் கத்தோலிக்கர். அவரைத்தான் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தன் படைக்கே பயிற்சி கொடுக்க வைத்தார். உதயகிரிக் கோட்டைக்குள் இடிந்து நிற்கும் சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது, லத்தீனிலும் தமிழிலும் எழுதிய கல்லோடு. கத்தோலிக்கரைத் தளபதியாக வைத்திருந்த மன்னன், இன்னொருவர் கத்தோலிக்கர் ஆனார் என்பதற்காகவா சுடச் சொல்வான்? கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

எனக்கும் சில காலம் அது சரியென்றே பட்டது. பிறகுதான் யார் எங்கே நின்றார்கள் என்று கவனித்தேன். டிலனாய் வெளிநாட்டுக்காரர். கடற்கரை முக்குவர்கள் சவேரியார் காலத்திலிருந்தே, அதாவது அப்போதே இருநூறு ஆண்டுகளாகக் கிறிஸ்தவர்கள். அவர்களால் அரண்மனை ஒழுங்குக்கு ஒரு குந்தகமும் இல்லை. நட்டாலத்து நீலகண்டனின் கதை அப்படியில்லை; ஞானஸ்நானத்துக்கு முன் தேவசகாயத்தின் பெயர் அதுதான். 1712-இல் நாயர் குடும்பத்தில் பிறந்து, அரசுப் பணியில் இருந்தவர். அவர் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்ததோடு, கீழ்ச்சாதி என்று ஒதுக்கப்பட்டவர்களோடு சமமாகப் பழகவும் தொடங்கினார். சாதிக் கட்டு உடைந்தது வெளியாரிடமில்லை, வீட்டுக்குள்ளேயே. இன்னொன்றையும் பாருங்கள். அவருக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொல்லி மனத்தைத் திருப்பிய டிலனாய், ஞானஸ்நானத்தைத் தன் கோட்டையிலேயே முடித்துக்கொள்ளச் செய்யவில்லை. எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் இருந்த இயேசு சபைக் குருவுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பியதாகவே வழிவழியாகச் சொல்லப்படுகிறது. 1745-இல் அங்கேதான் லாசர் என்ற விவிலியப் பெயரைத் தமிழாக்கித் தேவசகாயம் ஆனார். படைத்தலைவரே எதற்காக அவரை எல்லை தாண்டி அனுப்ப வேண்டும்? உங்கள் மகனிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். நல்ல பையன், யோசிப்பான்.

அடுத்து ராஜதுரோகம். 1749 பிப்ரவரியில் அவரைப் பிடித்தார்கள். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டார்கள். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள். எருமையின் மேல் பின்புறம் பார்த்து உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனது, பிரம்படி, காயத்தில் மிளகாய்த்தூள் என்று பாட்டிமார் சொல்லும் கதைகள் எல்லாம் இந்த மூன்று ஆண்டுகளுக்குள் வருகின்றன. டச்சுக்காரர்களோடு சண்டை இன்னும் முடியாத காலம் அது. எதிரிக்கு ரகசியம் விற்றவனை எந்த அரசனும் மூன்று ஆண்டு ஊர்வலம் விடுவானா? வேதத்தை விட்டுவிட்டால் விட்டுவிடுகிறோம் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள் என்பதுதான் நம் தரப்பு வரலாறு. அவர் இறந்து நான்கே ஆண்டுகளில், 1756-இல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இவருடைய சாவு இடம்பெற்றிருக்கிறது. ஆயர் ஒரு தரப்பு, அது நடுநிலைச் சாட்சி இல்லை என்று உங்கள் மகன் சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். உண்மைதான். ஆனால் காலத்தால் அவ்வளவு நெருங்கிய சாட்சி என்பதையும் அவன் ஒத்துக்கொள்ள வேண்டும்.

இந்த வாதத்தில் இரு பக்கமும் கவனிக்காமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. 1750-இல், தேவசகாயம் காவலில் கிடந்த காலத்தில்தான், மார்த்தாண்ட வர்மா நாட்டையே ஸ்ரீபத்மநாபசுவாமிக்குத் தானமாக எழுதிக்கொடுத்தார். திருப்படிதானம் என்பார்கள். அன்றிலிருந்து மன்னர் பத்மநாபதாசர். நாட்டுக்கு உரிமையாளரே கோயிலில் பள்ளிகொண்டிருக்கும்போது, அரண்மனை ஊழியன் ஒருவன் அந்தத் தெய்வத்தை விட்டு விலகினால் அது மதக் குற்றமா, ராஜ குற்றமா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து வைப்பது நம் காலத்துப் பழக்கம். அந்தக் காலத்து அமைச்சரிடம் போய், "ஐயா, இது அரசியலா மதமா?" என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்த்திருப்பார்.

மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர், என்று ஒருவரை அறிவிக்க ரோம் பார்க்கிற முக்கியமான விஷயம், கொன்றவர்கள் விசுவாசத்தின் மேல் கொண்ட பகையால் கொன்றார்களா என்பது. எல் சால்வடோரின் பேராயர் ஆஸ்கர் ரொமேரோவுக்கும் இங்கேதான் முட்டுக்கட்டை விழுந்தது. 1980 மார்ச் 24 அன்று திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தவரைச் சுட்டார்கள். கொன்றது வேற்று மதத்தார் இல்லை, கத்தோலிக்க நாட்டில் நடந்த கொலை. இது அரசியல் கொலைதானே, விசுவாசப் பகை எங்கே இருக்கிறது என்று திருச்சபைக்குள்ளேயே பல ஆண்டுகள் இழுபறி. ஏழைகளின் பக்கம் நிற்கச் சொன்ன நற்செய்திக்காகத்தான் கொன்றார்கள் என்று ஏற்று 2015-இல் அருளாளர் பட்டமும் 2018-இல் புனிதர் பட்டமும் கொடுத்தார்கள். உங்கள் மகனுக்கு இந்தக் கதை பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

தேவசகாயத்தை மறைசாட்சி என்று 2012 ஜூனில் ரோம் ஏற்றது. அந்த டிசம்பரில் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15 அன்று வத்திக்கானில் புனிதர் பட்டம். மறைசாட்சிகளுக்கு அருளாளர் பட்டத்துக்குப் புதுமை, அதாவது அற்புதம், தேவையில்லை, புனிதர் பட்டத்துக்கு ஒன்று வேண்டும். தாயின் வயிற்றில் துடிப்பு நின்றுபோன குழந்தை நலமாகப் பிறந்ததை அந்தப் புதுமையாக ஏற்றார்கள். இதெல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். பலருக்கும் தெரியாதது இதுதான்: அவர் விண்ணகத்தில் இருக்கிறார், அவரை வணங்கலாம் என்று அறிவிப்பதுதான் புனிதர் பட்டம். அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒவ்வொரு கதைக்கும் அது முத்திரை குத்துவதில்லை. புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் முழங்கையால் இடித்ததும் பாறையில் நீர் வந்தது என்கிறோமே, அதை நம்பினால்தான் கத்தோலிக்கன் என்று எந்தத் திருத்தந்தையும் சொல்லவில்லை. நான் அங்கே போயிருக்கிறேன். பாறையில் ஒரு சின்னக் குழி, அதில் கொஞ்சம் நீர். எனக்கு முன்னால் நின்ற ஒரு அம்மா சின்ன பாட்டிலில் அதை நிரப்பி, மூடியை இறுக்கிப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அவரிடம் நான் ஆவணம் கேட்கவில்லை. உங்கள் மகனும் கேட்கமாட்டான், பெரியவர்கள் அவனை அதட்டாமல் இருந்தால்.

பங்குத்தந்தையிடம் அழைத்துப்போவது நல்லதுதான், ஆனால் விசாரணைக்கு நிறுத்துவதுபோல் அழைத்துப்போகாதீர்கள். அவனாக ஒரு நாள் போய்ப் பேசட்டும். தந்தைக்கும் இப்படி ஒரு கேள்வி வருவது மகிழ்ச்சியாக இருக்கும், சப்பரத்துக்குப் பூ யார் வாங்குவது என்ற சண்டையைத் தீர்த்து அலுத்தவர்தானே.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது மகனின் கேள்வி இல்லை. மாமனார் சொன்ன "நம்ம ஆள்".

2012-இல் அருளாளர் ஆனபோது அவர் பெயர் தேவசகாயம் பிள்ளை. 2022-க்குள், அது சாதிப் பெயர், பீடத்தில் ஏற்றக் கூடாது என்று கத்தோலிக்கர்களே ரோமுக்கு எழுதினார்கள். அதை ஏற்று 'பிள்ளை'யை எடுத்துவிட்டு, தேவசகாயம் என அழைக்கப்படும் லாசர் என்றே புனிதராக அறிவித்தார்கள். என்னைக் கேட்டால், இந்தப் புனிதரைப் பற்றி நம் திருச்சபைக்குள் நடந்த விவாதங்களில் உருப்படியானது இதுதான். சாதிக் கட்டை மீறியதற்காகச் செத்தவரை அந்தச் சாதிப் பெயரோடு எப்படிக் கும்பிடுவது? இதில் ஒரு வேடிக்கை வேறு. அவருடைய பிள்ளைப் பட்டம் தென்திருவிதாங்கூர் நாயர்களுடையது. உங்கள் மாமனாரின் வடக்கன்குளத்துப் பிள்ளை வேறு. சொந்தம் கொண்டாடுவதற்கு எழுத்து மட்டும்தான் ஒன்று.

அந்த வடக்கன்குளத்தில் பின்னால் என்ன நடந்தது என்று உங்கள் மாமனாருக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அங்கே கட்டிய கோயிலுக்கு இரண்டு கிளை, பீடத்தில் வந்து சேரும். ஒரு கிளையில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவில் தடுப்பு. கால்சட்டைக் கோயில் என்றே பெயராகிவிட்டது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். பழையபடி கட்டித் தர வேண்டும் என்று வேளாளப் பிள்ளைமார் சென்னை உயர் நீதிமன்றம் வரை வழக்கு நடத்தித் தோற்றார்கள். தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற ஊர் இது.

இதை மாமனாரிடம் நீங்கள் சொல்லாதீர்கள். மருமகள் சொன்னால் வேறு அர்த்தம் ஆகிவிடும், எனக்குத் தெரியும். அடுத்த விடுமுறைக்கு மகன் வரும்போது மூவரும் மறுபடி காற்றாடிமலைக்குப் போங்கள். கூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள். மணியடிச்சான் பாறையில் கல்லால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும். சின்ன வயதில் பேரனைத் தூக்கிப் பிடித்துத் தட்டவைத்தது தாத்தாவாகத்தான் இருக்கும், இப்போது அவன் அவர் கையைப் பிடித்து மேலே ஏற்றட்டும். பேச்சு வந்துவிடும். அங்கிருந்து காவல்கிணறு வழியாக வடக்கன்குளம் ஒன்றும் தொலைவில்லை. தாத்தாவின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று பேரன் கேட்டால் அவர் மறுக்கமாட்டார். கோயிலுக்குள் போய், அந்தக் காலத்தில் நம் வீட்டார் எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்று அவன் கேட்பான். அப்போது நீங்கள் மெழுகுவத்தி வாங்க வெளியே போய்விடுங்கள்.